குழாயோடு தன்னைப் பூட்டிக்கொண்டவள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது கிடைத்தது. பக்கத்தில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த பெண், எண்ணெய்க் கம்பெனிக்காகக் கடலடிக் குழாய்களைச் சோதித்துவந்த டைவர். வலியை மறக்கப் பேசினாள். நான் என் வலியை மறந்தே போனேன்.

2

‘நீலக்கடல் அன்று கறுப்பு உடுத்திக்கொண்டு...’

(வேண்டாம். கடலுக்குச் சேலை கட்டிவிட நான் யார்?)

கடலடியில் ஒரு புல்வெளி. ஆமைகள் மேய்ந்த, மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர்ந்த இடம். அதன் குறுக்கே, நடுக்கடல் கிணற்றிலிருந்து கரைக்கு எண்ணெய் போகும் குழாய். பற்றவைத்த இடத்தில் விரிசல் விட்டிருந்தது. சுற்றிலும் புல் கறுத்து, பிசுபிசுத்து, படுத்துக் கிடந்தது.

மேலே படகில், அவளுடைய காற்றுக்குழாயைக் கவனித்துக்கொண்டு அவள் அண்ணன். ஹெல்மெட் போனில் கூப்பிட்டாள்.

“அண்ணா, எண்ணெய் கசியுது. நிறுத்தச் சொல்லு.”

கொஞ்ச நேரத்தில் அவன் குரல் வந்தது: “கம்பெனியில கேட்டுட்டேன்மா. புல்லுக்காகல்லாம் நிறுத்த மாட்டாங்களாம். மனுஷ உயிருக்கு ஆபத்துன்னாதானாம். நீ மேல வா.”

அவள் இடுப்புக் கொக்கியைக் கழற்றி, எண்ணெய்க் குழாயின் வளையத்தில் மாட்டிக்கொண்டாள்.

“இப்போ மனுஷ உயிருக்கு ஆபத்து. சொல்லு.”

“அடிப்பாவி!”

3

(இந்த அண்ணனை நான் நம்பவில்லை. வேலைக்குப் பயந்து அவன் தயங்கியதாக ஒரு வரைவு எழுதி, அவளைத் தேடிப்போய்ப் படித்துக் காட்டினேன். “எங்கண்ணனுக்கு வாய்தான் நீளம். என்னை விட்டுக்கொடுக்க மாட்டான். ஒழுங்கா எழுதுங்க” என்றாள்.)

ஒழுங்காக எழுதுகிறேன். அண்ணன் ரேடியோவில் தொண்டை கிழியக் கத்தினான்: “டைவர் மாட்டிக்கிட்டா! எண்ணெயை நிறுத்துங்க!”

அவள் உள்ளங்கையின் கீழ் குழாயின் அதிர்வு மெல்ல மெல்ல அடங்கியது. கறுப்புப் புகைபோல வந்துகொண்டிருந்த கசிவு நூலாக இளைத்து, அறுந்தது.

இருவருக்கும் வேலை போயிற்று. ஆனால் அவள் ஹெல்மெட் கேமராவில் பதிந்ததை, கம்பெனிமேல் வழக்குப் போட்ட மீனவர்கள் நீதிமன்றத்தில் போட்டுக் காட்டினார்கள். மூடிய குழாயைப் பிறகு திறக்கவே இல்லை. துண்டு துண்டாக வெட்டிக் கரையேற்றினார்கள்.

4

சோகமாக ஒரு முடிவு வைத்திருந்தேன்: ‘செத்த புல்லின் நடுவே அவள் தனியாக...’

(அப்படி நடக்கவில்லை. நடக்காத அழுகையை ஏன் எழுத வேண்டும்?)

சில வருடங்கள் கழித்து, மீனவர்களின் படகில் அண்ணனும் தங்கையும் அதே இடத்துக்குப் போனார்கள். அவள் இறங்கினாள்.

“என்னம்மா தெரியுது?”

முதலில் வெறும் சிரிப்புச் சத்தம். அப்புறம் ஏதோ சொன்னாள். அண்ணன் குதித்த குதியில் படகு கவிழப் பார்த்தது.

அவள் சொன்னதை நான் எழுதப் போவதில்லை. தண்ணீர் தெளிவாக இருக்கிறது. நீங்களே இறங்கிப் பாருங்கள்.