பக்கத்து ஃபோல்டர்

அண்ணனுக்குத் தொண்டையில் புற்று. ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு இருக்காது என்று டாக்டர் சொன்ன அன்றே தம்பி மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினான். “தண்ணி வேணும்”, “விளக்க அணை”, “மூச்சு முட்டுது, ஓடி வா” என்று வேண்டியதையெல்லாம் அண்ணன் தன் குரலிலேயே பேசிக் கொடுத்தார். யாரும் கேட்காமலேயே மனைவியைத் திட்டவும் இரண்டு வரி சேர்த்துக்கொண்டார்.

“இது இல்லாம அவளுக்குப் பொழுது போகாதுடா.”

தம்பி சாஃப்ட்வேர்க்காரன். பொத்தானை அமுக்கினால் அண்ணன் குரல் பேசுகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினான். அவனுடைய கம்ப்யூட்டர் ஒரு ரகம், அண்ணன் வீட்டு லேப்டாப் வேறு ரகம். “எதுல போட்டாலும் ஓடும்” என்று மார்தட்டிக்கொண்டான். ஆபரேஷன் முடிந்ததும் அங்கே போய் நிறுவி, புரோகிராம் இருந்த ஃபோல்டருக்குள் நுழைந்து, கட்டளை அடித்துத் தானே ஓடவிட்டான். அண்ணன் குரல் கணீரென்று வந்தது. அண்ணி அழுதுவிட்டார். அவருக்காகத் திரையில் ஒரு ஐகானும் வைத்து, ஓடுகிற புரோகிராமை அணைக்காமலேயே விட்டுப் போனான்.

அவன் செய்த கெட்டிக்காரத்தனம் இன்னொன்றும் உண்டு. ஏதாவது ஃபைல் கிடைக்காமல் போனால் திரையில் ஆங்கிலத்தில் எச்சரிக்கை வந்து அண்ணியைப் பயமுறுத்துமே என்று அதை வாயடைத்து வைத்தான். என்ன கரிசனம்!

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் சார்ஜ் தீர்ந்து லேப்டாப் அணைந்தது. அண்ணி மறுபடி போட்டு, ஐகானைத் தட்டினார். பொத்தான்கள் எல்லாம் வரிசையாக வந்தன. கட்டிலருகே வைத்துவிட்டுச் சமைக்கப் போனார். திரும்பி வந்தபோது அண்ணனின் கை மவுஸ் மேல் இருந்தது. உயிர் இல்லை.

“காது கொடுத்துக் கேக்காம இருந்துட்டேனே” என்று அண்ணி அரற்றாத நாளில்லை. துக்கம் கேட்க வந்தவர்களும் ஆமாம் சாமி போட்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணி லேப்டாப்பை அவன் முன் வைத்தார். “அவரு குரல் வர மாட்டேங்குது, தம்பி. என்னன்னு பாருங்க.”

தான் எழுதியதைத் திறந்து பார்த்தான். குரல்கள் ‘பக்கத்து ஃபோல்டரில்’ என்று எழுதியிருந்தான். எதற்குப் பக்கம்? புரோகிராம் இருக்கும் இடத்துக்கு அல்ல, அதை எங்கே நின்று ஓடவிடுகிறோமோ அந்த இடத்துக்கு. அவன் கம்ப்யூட்டரில் ஐகானைத் தட்டினாலும் இரண்டும் ஒன்றுதான். இந்த லேப்டாப்பிலோ ஐகானைத் தட்டினால் புரோகிராம் வேறெங்கோ நின்று தேடும். கிடைக்காது. கிடைக்கவில்லை என்று சொல்லவும் சொல்லாது.

திருத்தினான். ஐகானைத் தட்டி, கைக்கு வந்த பொத்தானை அமுக்கினான்.

“மூச்சு முட்டுது, ஓடி வா.”

அடுப்படியில் ஏதோ உருண்டது. அண்ணி ஈரக்கையோடு ஓடி வந்து வாசற்படியில் நின்றார். கட்டில் காலியாக இருந்தது.

“அங்க வரைக்கும் கேக்குதே” என்றார் மெதுவாக. “அப்ப அன்னிக்கு அவரு கூப்பிடவே இல்லையா?”

“கூப்பிட்டிருப்பாரு, அண்ணி. குரல்தான் வந்திருக்காது. தப்பு உங்க காதுல இல்ல. நான் எழுதினதுல.”

அண்ணி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“இத சரி பண்ண உங்களுக்கு எவ்வளவு நேரமாச்சு?”

பொய் சொல்லத்தான் வாயெடுத்தான். வரவில்லை.

“ஒரு வரிதான், அண்ணி.”