கட்டில் கம்பி

...ரத்தம் வரவில்லை, அதுதானே முக்கியம், தரையில் ஒரு சொட்டுகூட இல்லை, காதுக்குப் பின்னால் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வீக்கம், அதுவும் தடவிப் பார்த்ததால் தெரிந்தது, வாயைத் திறங்கய்யா, இன்னும் ஒரு ஸ்பூன், பாலில் ஊறிய ரொட்டிதான், மெல்லக்கூட வேண்டாம். சாப்பாட்டுக் கூடத்து நாற்காலியில் லிஃப்ட்காரர் வாயைத் திறக்கிறார், ஆனால் நான் சொல்லி எவ்வளவு நேரம் கழித்து... நான் அவசரப்படுகிறேனா, அவர்தான் தாமதமா? இந்த முதியோர் விடுதியில் எல்லாமே தாமதம்தான், எண்பத்திரண்டு வயது, முப்பது வருடம் ஏதோ ஓர் அலுவலகத்தில் லிஃப்ட் ஓட்டியவர், நினைவு போனபிறகும் அந்த வேலை மட்டும் போகவில்லை, யார் பக்கத்தில் போனாலும் எத்தனாவது மாடி என்று கேட்பார், பெயர் கேட்டாலும் அதுதான், மாத்திரை கொடுத்தாலும் அதுதான். முந்தாநாள் சமையல்காரர் சிரிக்கட்டும் என்று, சுடுகாட்டு மாடிங்கய்யா என்றேன். கொஞ்சம்கூட முகம் மாறாமல், அங்க லிஃப்ட் நிக்காது தம்பி, பக்கத்துல இறங்கி நடந்துக்கங்க என்றார். எல்லோரும் சிரித்தோம். இன்று காலையிலிருந்து ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வாய்க்குள்ளேயே ஒரு ராகத்தை இழுத்துக்கொண்டிருக்கிறார். நல்ல மனநிலையில் இருக்கிறார் போல, அப்பாடா இன்று தொல்லை இல்லை என்றுதானே நினைத்தேன்... தொல்லை என்றா நினைத்தேன்? ஆமாம், அந்தச் சொல்தான்.

விழுந்தது ஆறு நாற்பதுக்கு. பக்கத்து அறைப் பெரியவருக்குப் படுக்கையிலேயே உடம்பு துடைக்க வேண்டும், ஏழு மணிக்குள் முடிக்க வேண்டும், இவரோ விடிந்தால் எழுந்து எழுந்து நடப்பார், அதனால் கட்டிலின் இரண்டு பக்கக் கம்பியையும் ஏற்றிக் கொக்கி போட்டேன். நடக்கிறவருக்குக் கம்பி ஏற்றக் கூடாது, ஏறித் தாண்டப் பார்ப்பார், கட்டில் உயரத்தோடு கம்பி உயரமும் சேர்ந்து விழுவார் என்று பயிற்சியில் எத்தனை முறை சொன்னார்கள், பத்து நிமிஷம்தானே என்று நினைத்தேன். பத்து நிமிஷம்தான் ஆனது. சத்தம் கேட்டு ஓடிவந்தால் தரையில் கிடக்கிறார், அப்போது நான் செய்தது... யோசிக்கவே இல்லை, அக்குளில் கைகொடுத்து ஒரே தூக்கு. பதினெட்டு வருடம் கிடங்கில் மூட்டை தூக்கியவன், கீழே விழுந்த மூட்டையை மேஸ்திரி பார்ப்பதற்குள் அடுக்கில் ஏற்றிவிடுகிற கை இது. விழுந்தவரை அசைக்காதே, உடனே நர்ஸைக் கூப்பிடு என்பதெல்லாம் கைக்குத் தெரியவில்லை. கைக்குத் தெரியவில்லை, சரி, அதற்குப் பிறகு வாய்க்கு என்ன வந்தது? நர்ஸம்மா மாத்திரைத் தட்டோடு வந்து கேட்டாரே.

"என்னண்ணே, ஐயா இன்னைக்கு ஒரு மாதிரி இருக்காரு? காலையில எப்பவும் இப்படித்தானா?"

"ராத்திரி சரியாத் தூங்கல சிஸ்டர், அதான்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது. ஆனால் அந்தப் பொய்யைவிட அவர் கேட்ட கேள்விதான் குத்துகிறது, எப்பவும் இப்படித்தானா... எனக்குத் தெரியாது. இரண்டு வருடமாகக் குளிப்பாட்டுகிறேன், நகம் வெட்டுகிறேன், இவர் எப்போதும் எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பயிற்சி கொடுக்க வந்தவர் கண்ணாடி ஜாடியில் முட்டையை உடைத்து ஊற்றி, மூடியைத் திருகி, நாலு குலுக்கு குலுக்கிக் காட்டினார், ஜாடியில கீறல் இருக்கா, இல்ல, உள்ள என்ன ஆச்சு என்றார், ஆம்லெட்டு சார் என்றார் சமையல்காரர், உரக்கச் சிரித்தவன் நான்தான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் சின்ன அடி பட்டாலும் அந்த நிமிஷமே சொல்லணும், உள்ளே கசிய ஆரம்பித்தால் வெளியே தெரியாது என்றார், அப்போது சிரிப்பு அடங்கவில்லை. இவர் அந்த மாத்திரைதான் சாப்பிடுகிறார். நான்தான் தினமும் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறேன்... பால் வலது கடைவாயில் வழிகிறது. இதற்கு முன்னால் வழியுமா?

துண்டு எடுக்க அவர் அறைக்குப் போகிறேன், கம்பி இன்னும் ஏற்றியபடியே இருக்கிறது, அவசரமாக இறக்குகிறேன், யாரிடமிருந்து மறைக்க? கட்டிலின் கால்மாட்டில் அவருடைய கோப்பு தொங்குகிறது. சேர்ந்த அன்று மகள் எழுதிக் கொடுத்த தாள், அப்பாவைப் பற்றி என்று தலைப்பு, அடியில் படித்தேன் என்று என் கையெழுத்து. ஒரே நாளில் பன்னிரண்டு பேருடைய தாளிலும் இப்படிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரமாகும், ஒரு தாளுக்குக் கால்மணி நேரம், யார் உட்கார்ந்து படிப்பது... எழுத்துத் தெரியாத காலத்தில் கைநாட்டு வைத்து ஏமாந்திருக்கிறேன், நாற்பது வயதுக்குமேல் எழுத்துக் கற்றுக்கொண்டு இப்போது நான் ஏமாற்றியிருக்கிறேன். விரல் வைத்துப் படிக்கிறேன். அப்பா யாரையும் கூப்பிட மாட்டார், தானே எழுந்து போவார். இரண்டாவது வரி. வலி என்றால் சொல்லத் தெரியாது, முகத்தைச் சுளிக்கவும் மாட்டார், வாய்க்குள் ஒரே ராகத்தை இழுத்துக்கொண்டே இருப்பார், அப்போது உடனே கவனிக்கவும். உடனே என்பதற்குக் கீழே கோடு போட்டிருக்கிறாள்.

நடைவழியில் நான் ஓடியதில்லை, ஓடக் கூடாது என்பது விதி, ஓடினேன்.

"சிஸ்டர், ஐயா விழுந்துட்டாரு. தலையில பட்டிருக்கு."

"எப்போ?"

"இப்பத்தான்... கொஞ்ச நேரம் முன்னாடி."

"மணி சொல்லுங்கண்ணே. கொஞ்ச நேரம்னு டாக்டர்கிட்ட சொல்ல முடியாது."

சுவரில் மணி எட்டேகால். உண்மையைச் சொல்ல ஓடிவந்த வாய் வழியிலேயே ஒன்றரை மணி நேரத்தை முழுங்கப் பார்த்தது. ஆறு நாப்பது சிஸ்டர், கம்பி ஏத்தியிருந்தேன் சிஸ்டர், நான்தான் தூக்கி உக்கார வச்சேன் என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு முறை என்னைப் பார்த்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார், லிஃப்ட்காரர் இமையைத் தூக்கி இரண்டு கண்ணிலும் அடித்துப் பார்த்தார், மறுபடி இடது கண், மறுபடி வலது, அப்புறம் ஃபோன் பக்கம் நடந்த நடையிலேயே எனக்குப் புரிந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் கழுத்துக்குப் பட்டை போட்டு, மூன்று பேர் சேர்ந்து, தலை ஒரு நூல்கூட அசையாமல் தூக்கினார்கள். நான் ஒரே ஆளாகத் தூக்கியது.

வண்டி போனபிறகு நர்ஸம்மா ஃபோனை என் கையில் கொடுத்தார். "பொண்ணு லைன்ல இருக்காங்க. விழுந்ததைச் சொல்லிட்டேன். உங்ககிட்ட பேசணுமாம்."

"அண்ணே..." அழுது முடித்த குரல். "நல்லவேளை, விழுந்தப்போ நீங்க பக்கத்துல இருந்தீங்களே."

ஆமாம்மா என்றால் போதும். அவளுக்கும் ஆறுதல். யாருக்கு நஷ்டம்? நர்ஸம்மா என்னைப் பார்க்கவில்லை, மேஜையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. நான் பக்கத்துல இல்ல. கம்பியப் போட்டுட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டேன்."

வசவுக்காகக் காத்திருந்தேன், வேண்டும் என்றுகூட இருந்தது, வாங்கிக்கொண்டால் பாரம் கொஞ்சம் இறங்கும்.

"அப்பா எங்க போறதுக்கு எந்திரிச்சாரு?" என்றாள்.

எங்கே... கழிவறைக்காக இருக்கும், தண்ணீருக்காக இருக்கும், என்று வாயில் வந்தது எல்லாம் நான் அந்த நிமிஷம் இட்டுக்கட்டுவது. இரண்டு வருடமாக, விடிந்ததும், ஒவ்வொரு நாளும் எழுந்தார். ஒவ்வொரு நாளும் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன், உக்காருங்கய்யா, உக்காருங்கய்யா என்று. எங்கே போகிறார் என்று ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது...

"அண்ணே? லைன்ல இருக்கீங்களா?"