சத்தம் போன வண்டி

பெரியவர் முதுகைத் தரையில் தேய்த்துத் தம்பியின் காருக்கு அடியில் நுழைந்துகொண்டிருந்தபோது, தம்பி மகள் வீட்டையொட்டிய ஷெட்டுக்குள் வந்தாள்.

“பெரியப்பா! உள்ள எல்லாரும் உங்களைத் தேடுறாங்க. அப்பாகிட்ட உட்காராம இங்க வந்து படுத்துக் கிடக்கீங்க?”

“அவன் எங்க ஓடிப்போகப் போறான்?”

சொன்ன பிறகு அது அவருக்கே சுட்டது.

நாற்பது வருட மெக்கானிக். யாரையும் நம்பாத ஆள். மீட்டரைக்கூட விரலால் தட்டிப் பார்த்துத்தான் நம்புவார். நேற்று வந்த டாக்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். இன்று காலை கூடத்தில் தம்பியின் முகத்தைப் பார்த்தார். செத்தவன் முகம் வெளிறிக் கிடக்க வேண்டும். இவனுக்குக் கன்னமும் உதடும் சிவந்து, இப்போதுதான் மாடிப்படி ஏறி வந்தவன் மாதிரி இருந்தான். “எவ்வளவு களையா இருக்கார் பாருங்க” என்று ஒருத்தி அழுதாள். அந்தச் சிவப்பைப் பெரியவர் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறார். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கி, புகையிலேயே செத்துப்போன ஒரு டிரைவரின் முகத்தில்.

தம்பியின் வண்டி ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு ஒட்டிய உடம்பு, இரண்டே சீட்டு. போன வாரம் அவரிடம் கொண்டுவந்தான்.

“அண்ணே, ஆளு அழகு, குரல்தான் கர்ண கொடூரம். தகர டப்பால கல்லைப் போட்டுக் குலுக்கற மாதிரி இருக்கு. தெருவே சிரிக்குது.”

டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே, புகைக்குழாயில் பற்றவைத்த இடத்தில் விரிசல். கழற்றித்தான் மறுபடி பற்றவைக்க வேண்டும். போல்ட்டெல்லாம் துருப்பிடித்து அசைய மறுத்தன. பெரியவர் பசையை அப்பி, சூடு தாங்கும் பட்டையைச் சுற்றி இறுக்கினார். குழாயின் மேல்பக்கம் கை எட்டவில்லை. எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார். சத்தமே இல்லை. “முடிஞ்சுதுடா, எடுத்துட்டுப் போ” என்றார்.

இப்போது அந்த வண்டியின் சாவி தம்பி மகளின் விரலில் தொங்கியது.

“அப்பாவை அமரர் ஊர்தியில ஏத்தினதும் அது பின்னாடி இதை நான் ஓட்டிட்டு வரேன். அம்மாவைப் பக்கத்துல உட்கார வச்சுக்கறேன். கண்ணாடியை ஏத்திட்டா அவங்க அழறதை ஊர் பார்க்காது.”

பெரியவர் வெளியே உருண்டு வந்தார். “ஸ்டார்ட் பண்ணு. கதவு திறந்தே இருக்கட்டும்.”

“எதுக்கு?”

“சொன்னதைச் செய்யும்மா.”

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகினாள். வண்டி ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள அவர் பானெட்டில் கை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

“நேத்தும் இப்படித்தான் பெரியப்பா” என்றாள். “சத்தம் போனதுலேர்ந்து அப்பா தினம் சும்மா ஓடவிட்டு உள்ள உட்கார்ந்துக்குவார். கேளு, ஒண்ணுமே கேக்கலல்லன்னு சிரிப்பார். நேத்து ஷட்டரைப் பாதி இறக்கிட்டு இருந்தார். தூங்குறார்னு நினைச்சேன். ரெண்டு தடவை வந்து பார்த்துட்டு, எழுப்ப மனசில்லாம போனேன். எஞ்சின் ஓடிட்டே இருந்திருக்கு. எனக்குத் தெரியவே இல்ல. அவ்வளவு நல்லா செஞ்சு குடுத்திருக்கீங்க.”

பெரியவர் பழந்துணியை நனைத்து, வண்டியின் பின்னால் இருந்த புகைக்குழாய் வாயில் திணித்துக் கட்டையால் முட்டுக் கொடுத்தார். வெளியே போகும் வழியை அடைத்தால் ஓட்டை எங்கே என்று புகையே காட்டிக்கொடுக்கும்.

“பெரியப்பா.” அவள் கால்களை வெளியே இழுத்துக்கொண்டாள். “மிதியடி…”

அவர் சுற்றி வந்து பார்த்தார். சீட்டுக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில் விரித்திருந்த மிதியடி எழும்பியது. தாழ்ந்தது. மறுபடி எழும்பியது. தூங்குகிறவன் நெஞ்சைப் போல, அவசரமே இல்லாமல்.

தூக்கிப் பார்த்தார். அடியில் ரப்பர் அடைப்பு உருகிப்போன ஓர் ஓட்டை. அதன் வழியாகச் சூடு வந்து அவர் உள்ளங்கையைத் தொட்டது.

“நிறுத்து. இறங்கு.”

அவள் எஞ்சினை நிறுத்தினாள். “என்ன அது?”

டாக்டர் எழுதிய காகிதம் வீட்டுக்குள் மேசைமேல் இருந்தது. அதை எல்லோரும் நம்பியாகிவிட்டது. பேட்டரி போச்சு, இன்றைக்கு இந்த வண்டி வேண்டாம் என்று சொன்னால் போதும். இவளும் நம்புவாள்.

“விரிசல் மேல்பக்கம்மா. எனக்குக் கை எட்டல. சத்தத்தை அடைச்சேன், புகையை அடைக்கல. புகை இந்த ஓட்டை வழியா உள்ள வந்திருக்கு.” மிதியடியைக் கீழே போட்டார். “உங்கப்பனுக்கு ஹார்ட் எல்லாம் இல்ல. நான் செஞ்ச வேலைதான்.”

வீட்டுக்குள் யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை. உள்ளே குனிந்து ஒரு பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். மறுபக்கத்தையும் இறக்கினாள். பிறகு இறங்கி, பாதி சாய்ந்திருந்த கதவை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு, அப்பா எழுந்து இறங்க இடம் விடுவது போல ஒதுங்கி நின்றாள்.

பெரியவரும் சுவரோரமாக ஒதுங்கினார்.