மரணம் நீங்கலாக

நகல்களுக்கு முத்திரை குத்தும் வரிசை போலீஸ் நிலையத்தைத் தாண்டி, வெளியே மீன் பொரித்து விற்பவளின் அடுப்புவரை நீண்டிருந்தது. நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்கும் விண்ணப்பத்தில், முத்திரை மூன்று மாதத்துக்கு மேல் பழசானால் செல்லாது. போன தடவை மார்பு எக்ஸ்ரே வருவதற்குள் கல்யாணச் சான்றின் முத்திரை காலாவதியாகி, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை இரண்டு நாட்டுப் போலீஸின் நற்சான்றும் கைரேகையும் உறைக்குள் தயார். மிச்சம் ஒன்றுதான். என் புருஷன் கோட்சோ பக்கத்தில் நின்று, எங்கள் கல்யாணம் இன்னும் நீடிக்கிறது என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும்.

அதற்காக என்னை வாரக்கணக்கில் கெஞ்சவிட்டான். அவன் இங்கே தெம்பிசாவில் பிறந்தவன். நான் எல்லைக்கு அந்தப் பக்கம், மஸ்விங்கோவிலிருந்து வந்தவள். டீ ஆறிப்போனால்கூட, எல்லைக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று நினைவூட்டுவான். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் அம்மா செத்த சேதி வந்த அன்று என் பாஸ்போர்ட்டை ஒளித்துவைத்துவிட்டு ஃபுட்பால் பார்க்கப் போனானே, அதை மட்டும் பொறுக்க முடியவில்லை. குழிக்குள் மண் தள்ளும் சத்தத்தைத் தம்பி போனில் கேட்கவைத்தான். என் அம்மாவை நான் அப்படித்தான் அடக்கம் செய்தேன். நிரந்தரமாகத் தங்கும் உரிமை கைக்கு வரட்டும், அன்றைக்கே இவனை நடுத்தெருவில் நிறுத்திவிட்டுப் போகிறேன் என்று அப்போது முடிவு செய்தேன்.

வாசலில் குடைபோட்டு விண்ணப்பம் நிரப்பித் தருகிறவர் அதில் மண்ணைப் போட்டார். உரிமை கிடைத்த பிறகும் இரண்டு வருஷத்துக்குள் பிரிந்தால் அது ரத்தாகிவிடுமாம். அதைக் கேட்ட பிறகுதான் கோட்சோவுக்குக் கையெழுத்துப் போட உற்சாகமே வந்தது.

"போட்டுத் தர்றேன் நியாரை. இன்னும் ரெண்டு வருஷம் என் காலடிதானே உனக்கு," என்றான்.

கவுண்டரில் இருந்த போலீஸம்மா சத்தியம் வாங்கினாள். அவன் கையெழுத்துப் போட்டான். முத்திரை விழுந்தது. விண்ணப்பத்தோடு இணைத்திருந்த விதிகளைப் புரட்டியவள், எனக்கு உதவுவதாக நினைத்து ஒரு வரியை விளக்கினாள்.

"பிரிஞ்சாதான் ரத்தாகும்மா. புருஷன் செத்துப்போயிட்டா ஒண்ணும் ஆகாது, உன்கிட்டயே இருக்கும்." பிறகு கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள். "சாப்பாட்டுல பாத்து இருந்துக்க தம்பி."

வரிசையே சிரித்தது. கோட்சோ சிரிக்கவில்லை. பெண்டாட்டி பானையில் மருந்து போட்டு மயக்குவாள் என்று கேட்டே வளர்ந்தவர்கள் எங்கள் பேட்டை ஆண்கள். அந்த விஷயத்தில் என்னைப்போல் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த பெண்களுக்குப் பெயர் இன்னும் மோசம். அந்தப் பெயரால் நான் பட்ட அவமானம் கொஞ்சமில்லை. அவன் தாளை எடுக்கக் கையை நீட்டினான். அதற்குள் நான் உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். அன்று மதியமே சமர்ப்பித்தும் விட்டேன்.

சாயங்காலம் அவனுக்கு உயிரான மாட்டுக்குடல் குழம்பும் மக்காச்சோளக் களியும் செய்து தட்டை முன்னால் வைத்தேன்.

"நீ மொதல்ல சாப்பிடு," என்றான்.

சாப்பிட்டேன். நல்ல துண்டாகப் பார்த்து, நிதானமாக. அவன் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பசியில்லை என்று எழுந்து போனான். நான் எதுவும் போடவில்லை, போடவும் மாட்டேன். அதை அவனிடம் சொல்வதாக இல்லை.

இப்போதெல்லாம் கடை ரொட்டியில் காலம் தள்ளுகிறான். கால்சட்டை இடுப்பில் நிற்பதில்லை. நான் தினமும் விதவிதமாகச் சமைக்கிறேன், கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கிறது. நேற்று அடுப்படி வாசலில் நின்று மெதுவாகக் கேட்டான்.

"உண்மையச் சொல்லு நியாரை. இதுல என்ன போடுற?"

"எங்கம்மா கைப்பக்குவம். வேற ஒண்ணுமில்லைங்க."

அவன் முகம் வெளுத்தது. முற்றத்துக்குப் போய்க் குழாயைத் திறந்து, குனிந்து, வாயை நேரே வைத்துக் குடிக்கத் தொடங்கினான். நான் ஒரு தம்ளரில் தண்ணீர் நிரப்பி எடுத்துக்கொண்டு போய், அவன் திரும்பும்வரை முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.