பதினொரு நிமிடம் பிந்திய சங்கும் இரண்டாவது பெட்டிசனும்

1.

இந்தக் கதை நான் தேடிப் போனதல்ல. பசறையில் ஒரு நாள் பஸ்ஸைக் கோட்டைவிட்டு, அடுத்ததற்காக ஒரு மணி நேரம் நின்றேன். பக்கத்தில் நின்றவர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். ஒரு கணினிக்குள்ளே இன்னொரு கணினியைக் குடிவைத்தால், உள்ளே இருப்பதற்கு நேரம் பிந்திக்கொண்டே போகுமாம். எனக்கு உடனே ஒரு தேயிலைத் தோட்டமும் அதில் ஒரு பெண்ணும் மனதில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மற்றதெல்லாம் நான் கட்டியது, நம்பிவிடாதீர்கள்.

முதல் தொடக்கம்: "பனி மூடிய மலைச்சரிவில், 2007ஆம் ஆண்டின் ஒரு விடியலில்..." வேண்டாம். மலையகக் கதைகளில் இதுவரை பெய்த பனியே போதும்.

இரண்டாம் தொடக்கம்: "பஸ் டிரைவர் அலவி தினமும் நேரத்துக்கு முந்தியே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்." இது பரவாயில்லை. தோட்டமே இப்படித்தான் சொன்னது. இதையே வைத்துக்கொள்வோம்.

2.

தோட்டத்து அலுவலகத்தில் கணினி பார்ப்பவள் கலாராணி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து படித்து வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, கொஞ்சம் கர்வமும் உண்டு. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிடும் காலை ஆறு மணிச் சங்கை ஊதுவிப்பதும் அவளுடைய கணினிதான். சங்கு ஊதும் புரோகிராம் பழையது, புதிய கணினியில் ஓடமாட்டேன் என்று அடம்பிடித்தது. பண்டாரவளையில் கணினிக் கடை வைத்திருக்கும் இப்றாஹீம் வந்து, புதியதன் வயிற்றுக்குள் பழைய மாதிரியே ஒரு பாவனைக் கணினியை உண்டாக்கி, அதில் ஓடவிட்டுப் போனார். அது திரை முழுவதையும் அடைத்துக்கொண்டது. சங்கு தவறக்கூடாது என்பதால் அதை யாரும் அணைப்பதில்லை.

சங்குதான் அங்கே எல்லோருக்கும் மணிக்கூடு. (ரேடியோ இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் 2006இல் அரசாங்கம் நாட்டின் நேரத்தையே அரைமணி பின்னால் தள்ளியது. ரேடியோ சொல்வது அரசாங்க நேரம், சங்கு சொல்வது நம்ம நேரம் என்று தோட்டம் முடிவுகட்டிவிட்டது. இதைவிட நல்ல காரணம் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.)

சங்கு ஊதி நாற்பதாவது நிமிடம் சந்தியில் பதுளை பஸ். சில மாதங்களாக ஆட்கள் போய்ச் சேரும்போது பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கடையில் வேலை செய்கிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் அலவியை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். கடைசியில் டிப்போவுக்குப் பெட்டிசன் போனது. இருநூறு கையெழுத்து. டைப் அடித்தவள் கலாராணி. 'பொறுப்பற்ற சாரதி' என்பது அவளுடைய சொந்தச் சரக்கு. விசாரணை வெள்ளிக்கிழமை என்று பதில் வந்தது. குற்றம் உறுதியானால் அலவிக்கு வேலை போகும்.

3.

திங்கட்கிழமை பிரிண்டர் திருத்த வந்த இப்றாஹீம் திரையைச் சுருக்கினார். வெளிக் கணினியின் மூலையில் நேரம் தெரிந்தது. உள்ளே பத்து மணி ஒன்பது நிமிடம். வெளியே பத்து இருபது.

கலாராணி சிரித்தாள். வெளியேதான் பிழை என்றாள். தினமும் சாயங்காலம் கணினி நேரத்தைச் சுவர் மணிக்கூட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாள், ஒரு நிமிடம்கூடப் பிசகியதில்லை. சுவர் மணிக்கூட்டை யார் சரிவைக்கிறார் என்று இப்றாஹீம் கேட்டார். அலுவலகத்துத் தலைமை எழுத்தர், பெரிய கிளாக்கர் அழகையா, தினமும் காலையில். எதைப் பார்த்து? சங்கைக் கேட்டு.

சொல்லி முடித்ததும், அந்தச் சங்கை ஊதுவிப்பதே இந்தக் கணினிதான் என்பது அவளுக்கே பிடிபட்டது.

இப்றாஹீம் விளக்கினார். உள்ளே இருப்பதற்குச் சொந்த மணிக்கூடு கிடையாது. வெளிக் கணினி நொடிக்கு இத்தனை தடவை கதவைத் தட்டும், அது தட்டல்களை எண்ணி நேரம் சொல்லும். வெளியே வேலை மும்முரமானால் உள்ளே இருப்பதைச் சற்றுத் தூங்கவைத்துவிடும். அப்போது விழுந்த தட்டல் எண்ணப்படாமலே போகும். (இதை இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன், நன்றி சொல்லுங்கள்.)

ஆகவே பிந்தியது சங்கு, முந்தியது பஸ் அல்ல. என் இரண்டாம் தொடக்கம் அப்பட்டமான பொய். அழிக்கவில்லை. நீங்களும்தானே நம்பினீர்கள்.

4.

திருத்த இரண்டு வழி. பதினொரு நிமிடத்தையும் ஒரே தள்ளாக முன்னே தள்ளலாம். மறுநாள் சங்கு முந்தி ஊதும், தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். அல்லது உள் மணிக்கூட்டைச் சற்று வேகமாக ஓடவிட்டு, நாளைக்கு அரை நிமிடமாகப் பிடிக்கலாம். இருபத்திரண்டு நாளில் சரியாகிவிடும், ஈ காக்கைக்குத் தெரியாது.

நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. எனக்குக் கலாராணியைப் பிடிக்கும், தலைகுனியவைக்க மனம் வரவில்லை. "இருபத்திரண்டாம் நாள் சங்கும் பஸ்ஸும்..." என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் செருப்பை மாட்டிக்கொண்டு சந்திக்கு இறங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலே நாள் என்பது எனக்கு உறைக்கவில்லை, அவளுக்கு உறைத்தது.

பகல் பஸ் வந்து நின்றது. அலவியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஏசுவார் என்று பயந்தாள். (நானும் அவருக்காகக் காரமாக நாலு வரி எழுதி வைத்திருந்தேன்.) அவர் தன் கைமணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கிழமையா நானும் பதினொரு நிமிசம் பிந்தித்தான் எடுக்கிறேன் தங்கச்சி," என்றார். "இதுக்குத்தான் கோளாறுன்னு ரெண்டு தரம் ரிப்பேர் கடைக்குக் குடுத்தேன். நல்லா இருக்குன்னு சொன்னான். நான் நம்பல்ல, நானே திருப்பி வச்சிட்டேன். இருநூறு பேர் சேந்து பொய் சொல்லுவாங்களா?"

பெட்டிசன் வேலை செய்கிறது என்று தோட்டம் சந்தோஷப்பட்டது அந்த இரண்டு வாரம்தான். அவரோ பதுளைக்குத் தினமும் பிந்திப் போய், டிப்போவில் அதற்கும் ஒரு குற்றம் வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை முந்திப் போனதற்கும் பதில் சொல்ல வேண்டும், பிந்திப் போனதற்கும் பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கலாராணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

5.

அன்றே ஒரே தள்ளாகத் தள்ளினாள். இனி நிமிடத்துக்கொரு தடவை வெளியே கேட்டு நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும்படி உள்ளதற்குக் கட்டளையும் போட்டாள். மறுநாள் பெரட்டுக்கு எல்லோரும் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது, முன்னால் நின்று நடந்ததைச் சொன்னாள். அவளுடைய காது சிவந்திருந்தது. பிறகு புதிய பெட்டிசனை வாசித்தாள்: "ஐயா, சாரதி அலவி ஒரு நாளும் முந்திப் போகவில்லை. பிந்தி வந்தவர்கள் நாங்கள்." முதல் கையெழுத்து அவளுடையது. இரண்டாவது, முணுமுணுத்துக்கொண்டே, அழகையா.

வியாழக்கிழமை மத்தியானம் வரை நூற்று முப்பது சேர்ந்திருக்கிறது. மற்றவர்கள், ஏசினதை ஏசியாச்சு, அதையும் எழுதிக் குடுக்கணுமா என்று இழுக்கிறார்கள். மீதி எழுபதையும் ஒரே வாக்கியத்தில் நான் நிரப்பிவிடலாம், கதை எழுதுகிற எங்களுக்கு அது கைவந்த கலை. கள்ளக் கையெழுத்து வேண்டாம் என்று கலாராணி தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

இப்போது உங்களிடம் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். விசாரணை நாளைக் காலை.

131. ............................