பல்செட்டும் பன்னிரண்டு மாத்திரைத் துண்டும்

பல்செட்டைக் கழற்றச் சொல்ல எந்த நர்ஸுக்கும் வாய் வராது. அதுதான் எனக்கு வசதி. "நாக்கைத் தூக்குங்கம்மா" என்பாள், தூக்குவேன். மாத்திரை மேல் பல்செட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவில் சமர்த்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவள் நகர்ந்ததும் எடுத்துத் துடைத்து மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போடுவேன்.

முப்பத்தோரு வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்தவள் நான். அவர் போன பிறகு என்னோடு பேச நாதியில்லை. தூக்க மாத்திரை ஒன்று, இரண்டாகி, ஆறானது. ஒருநாள் குளியலறையில் விழுந்து கிடந்தேன். மகன் இந்த மனநல மருத்துவமனையில் கொண்டுவந்து சேர்த்தான். டாக்டர் குறைத்துக் குறைத்துக் கால் துண்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதையும் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினால் என் கதி? அதனால்தான் சேர்த்து வைத்தேன்.

பக்கத்துக் கட்டில்காரி குடியை விட வந்தவள், என் வயசுதான். படுத்தால் போதும், குறட்டை. ரயில் என்று பெயர் வைத்தேன்.

"உன் ரயிலை எப்பதான் ஷெட்டுல விடுவ?" என்று தினமும் காலையில் சண்டை பிடிப்பேன்.

"டிக்கெட் இல்லாம ஏறிட்டு வாயைப் பாரு" என்பாள்.

இன்று காலை கண்ணாடிக்கூடு கைதவறி விழுந்தது. நர்ஸ் குனிந்து பொறுக்கினாள். பன்னிரண்டு துண்டு. மானம் போயிற்று.

டாக்டர் வந்து என் சீட்டைப் புரட்டினார். பன்னிரண்டு நாளும் 'நன்றாகத் தூங்கினார்' என்றே எழுதியிருந்தது.

"ஒளிச்சு வெச்சது தப்புதாம்மா. ஆனா மாத்திரை இல்லாமலே தூங்கியிருக்கீங்களே. இனி உங்களுக்கு இங்க என்ன வேலை? பையனை வரச் சொல்றேன்."

மதியமே மகன் வந்துவிட்டான். அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"மாடியில உனக்குத் தனி ரூம் போட்டிருக்கேன்மா. கதவைச் சாத்திட்டா ஒரு சத்தம் கேக்காது. நிம்மதியாத் தூங்கலாம்."

பக்கத்துக் கட்டிலில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் சத்தத்தில்தான் இத்தனை நாளும் தூங்கியிருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பயமாக இருந்தது.

"அவ எந்திரிக்கட்டும்டா. சொல்லிட்டு வந்துடறேன்."

மகன் பையோடு வாசலில் நின்றான். நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவள் எழுந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.