ஒரு புத்திமதி நூறு கிராம்

சுழித்துறையில் ஒரு புத்திமதியின் எடை நூறு கிராம். உடம்பைக் குறைக்கவோ தேற்றவோ ஒருவர் வழி சொன்னால், அந்த நூறு கிராம் சொன்னவர் உடம்பிலிருந்து இறங்கிக் கேட்டவர் உடம்பில் ஏறிக்கொள்ளும். கேட்டவர் "செரிங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்லாவிட்டால், சொன்னவர் அந்த வார்த்தை வருகிறவரைக்கும் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். காப்பி வேறு போட்டுக் கொடுக்க வேண்டும்.

பெரியவர்கள் சின்னவர்களுக்குத்தான் சொல்ல முடியும். சின்னவர்கள் பெரியவர்களுக்குச் சொல்லப்போனால் தொண்டையிலிருந்து இருமல்தான் வரும். அதனால் ஊரின் சதை முழுக்க, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் பாய்வதுபோல, வயதானவர்களிடமிருந்து கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எண்பதைத் தாண்டியவர்கள் ஆடிக் காற்றில் வெளியே வரும்போது மடியில் இரண்டு படிக்கல்லைக் கட்டிக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோ, யாராவது வாயைத் திறக்கும்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடும். மருமகள்தான் எங்கேயும் போக முடியாதவள்.

நவமணி தெருவிலேயே கடைசியாக வந்த மருமகள். வயது இருபத்தாறு. கல்யாணத்தன்று ஐம்பத்தேழு கிலோ இருந்தாள். மிதுலா பிறந்த பிறகு, பிள்ளை பெற்ற உடம்பைக் குறைக்கும் வழிகள் நாலு திசையிலிருந்தும் வந்ததில் எழுபதைத் தாண்டிவிட்டாள். மாமியார் மயிலாத்தாள் வெற்றிலைக்கொடி மாதிரி இருந்தார்.

"சோத்தக் கொறச்சுட்டு ராகியத் தின்னு அம்மிணி."

"செரிங்கத்தை."

"ராகி சூடு. மோர ஊத்திக்க."

"செரிங்கத்தை."

"மோரு சளி. பால் குடிக்கற புள்ளைக்கு ஆகாது."

"செரிங்கத்தை."

ஒன்றுக்கொன்று எதிரான புத்திமதிகள் அடித்துக்கொண்டு கழிந்துபோகும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. அப்படியெல்லாம் கிடையாது. மூன்றுக்கும் சேர்த்து முந்நூறு கிராம். மயிலாத்தாள் இடுப்பிலிருந்து நழுவும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்து போவார். 'செரி, செரி என்று சொல்வதெல்லாம் எந்த வயிற்றில் செரிக்கிறது' என்று நவமணி பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவுவாள்.

அவள் சும்மாவும் இருக்கவில்லை. ஒரு மாதம் விடியற்காலையில் வாய்க்கால் ரோட்டில் ஓடிப் பார்த்தாள். போகும்போது இருநூறு கிராம் குறையும். திரும்பும்போது வழியில் ஏழு வீடு. வெறும் வயித்துல ஓடாத. வயித்துல எதையாச்சும் போட்டுட்டு ஓடாத. குதிகால ஊனாத. கைய வீசு. கைய வீசாத, பொம்பளப் புள்ள. ஓடறதவிட நடக்கறது நல்லது. நடக்கறதுக்கு எதுக்குச் செருப்பு. ஏழு செரிங்க சொல்லி, ஐந்நூறு கிராம் மிச்சத்தோடு வீடு வந்து சேருவாள். முப்பதாவது நாள் செருப்பைக் கழற்றிப் பரணில் போட்டாள்.

கணவன் மோகனுக்கு வேறு விதமான தொந்தரவு. அவன் தேவசிகாமணி மாஸ்டரின் ஜிம்முக்குப் போனான். மாஸ்டர் சொல்வது சதை ஏற்றும் புத்திமதி இல்லை, தசை ஏற்றும் புத்திமதி. முட்டையில் வெள்ளைக்கருவை மட்டும் தின்னு, மூச்சை விட்டுத் தூக்கு என்று அவர் எந்த இடத்தைத் தட்டிச் சொல்கிறாரோ அந்த இடத்தில் தசை திரளும். ஊர்ப் பையன்களின் தோளெல்லாம் ஒரு காலத்தில் மாஸ்டரிடம் இருந்ததுதான். இப்போது அவர் கைகள் முருங்கைக்காய் மாதிரி இருந்தன. விசில் ஊதினால் பின்னால் இரண்டடி நகர்ந்துவிடுவார். மோகனுக்கு மில்லில் ஷிப்டு மாறிக்கொண்டே இருந்ததால் மாஸ்டர் சொல்வதைப் போனில்தான் கேட்பான். அதனால் தசை முழுக்க வலது காதில் போய்த் திரண்டிருந்தது. அந்தக் காதால் கதவைத் திறப்பான். ஹெல்மெட்தான் நுழையவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது நவமணிக்கு ஆர்டர் வந்தது. அக்கரையில் அங்கன்வாடி வேலை. திங்கட்கிழமை பத்து மணிக்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

வேலை கிடைத்தது சந்தோஷம்தான். ஆனால் அவளுக்கு அதைவிடப் பெரிய விஷயம் அக்கரை. அக்கரையில் இந்த வழக்கம் கிடையாது. அங்கே அவரவர் சதை அவரவரிடம் இருக்கும். மிதுலாவைப் பகல் முழுக்க அங்கேயே வைத்துக்கொள்ளலாம். மிதுலாவுக்கு ஒன்றரை வயது, பேச்சு வருகிற சமயம். பூ, ம்மா, காக்கா என்று மூன்று வார்த்தை வந்துவிட்டது. மயிலாத்தாள் நாலாவது வார்த்தையைத் தினமும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"செரி சொல்லு கண்ணு. எங்கே, செ... ரி."

கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. பெரியவர்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். ஆனால் அந்த வார்த்தை மட்டும் வந்துவிட்டால் நவமணிக்குக் கீழே ஒரு பள்ளம் வெட்டினமாதிரி. ஊர்ச் சதை அவளையும் தாண்டிப் பத்தே முக்கால் கிலோப் பிள்ளைமேல் போய் விழும். தனக்கு ஏறினால் ரவிக்கையைப் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். இவளுக்கு ஏறினால் நடையே வராது. அதனால் நவமணி குளிக்கும்போதுகூடப் பிள்ளையை அந்தப்பக்கம் விடுவதில்லை. நாலாவது வார்த்தையாக அவளே ஒன்றைக் காதோடு சொல்லிக் கொடுத்து வந்தாள்.

அக்கரைக்குப் போகப் பரிசல்தான் வழி. பாலம் பதினாறு கிலோமீட்டர் தள்ளி, அதற்கு முதல் பஸ்ஸே பதினோரு மணிக்கு. பரிசல்காரர் செங்கோடன் துறையில் மில்லிலிருந்து வாங்கிய மேடைத் தராசு ஒன்றைப் போட்டிருந்தார். ஆளுக்கு எழுபத்தைந்து கிலோ, அதற்குமேல் இருந்தால் ஏற்ற மாட்டார். மடியில் பிள்ளை இருந்தால் பிள்ளையும் அதில் சேர்த்தி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய் ஏறிப் பார்த்தாள். எண்பத்தொன்றரை.

வீட்டுக்கு வந்து மோகனிடம் சொன்னாள். அவன் பாவம், உண்மையாகவே வருத்தப்பட்டான்.

"கவலப்படாத. இன்னைக்கு ராத்திரி சாப்பாட்ட உட்ரு."

"செரிங் மாமா."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மோகனின் பெல்ட் ஒரு நூல் தளர்ந்தது.

"வாய் தவறி வந்துருச்சு நவமணி."

"தெரியுதுங். நானும் வாய் தவறித்தான் செரின்னேன். இனி விடியறவரைக்கும் பேசாம இருங்க, புண்ணியமாப் போகும்."

திங்கட்கிழமை காலையில் தெருவே வாசலில் நின்று வழியனுப்பியது. புது வேலை, நேரத்துக்குச் சாப்பிடு. நேரத்துக்குச் சாப்பிட்டா உடம்பு போட்டுரும், பாத்துக்க. அவள் எட்டு மணிக்கே கிளம்பியும் துறைக்கு வந்து சேர எட்டரை ஆகிவிட்டது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தராசில் ஏறினாள்.

"எம்பத்திரண்டு," என்றார் செங்கோடன். "ஏழு கிலோ ஜாஸ்தி அம்மிணி. தெனமும் வெறும் வயித்துல வெந்நி குடி, எறங்கீரும்."

"செரிங்ணா."

முள் ஒரு கோடு நகர்ந்தது.

வரிசையில் பின்னால் கூடையோடு இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள், இரண்டு பேரும் அவளுக்குப் பத்து வயது மூத்தவர்கள். "வெந்நில எலுமிச்சம்பழம் புழிஞ்சுக்கோணும்," என்றாள் ஒருத்தி. "எலுமிச்சம்பழம் எலும்பத் தின்னுரும், தேன் ஊத்திக்கோணும்," என்றாள் அடுத்தவள். இரண்டு பேருக்கும் செரிங்க சொன்னாள், முள் இன்னும் இரண்டு கோடு நகர்ந்தது.

நவமணி தராசிலிருந்து இறங்கினாள். தலை கொதித்தது. ஐந்து வருசத்துப் புத்திமதி தொண்டைவரை நின்றது. யாரைப் பார்த்து வாயைத் திறந்தாலும் இருமல்தான் வரும். படியில் இறங்கி முகத்தில் தண்ணீரை அடித்துக் கழுவினாள். கையிலிருந்து வழிகிற தண்ணீரைப் பார்த்துக் கடுப்பில் சொன்னாள்:

"நீ மட்டும் என்னத்துக்கு இப்படிப் படுத்தே கெடக்கற? காலைல எந்திரிச்சு நாலு எட்டு நட."

இருமல் வரவில்லை.

தண்ணீர் படிக்கட்டில் வந்து மோதி, "செரி" என்றது.

நவமணி இடுப்புச் சேலையைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு விரல்கடை தளர்ந்திருந்தது. பிள்ளையை மேல்படியில் உட்காரவைத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

"சோத்தக் கொற. கொள்ளு வேகவெச்சுத் தண்ணியக் குடி. எண்ணெப் பலகாரம் தொடாத."

செரி, செரி, செரி.

செங்கோடன் துடுப்பை ஊன்றிக்கொண்டு வந்தார். "இதென்ன அம்மிணி வழக்கத்துல இல்லாத வேல? ஆறு நமக்கெல்லாம் மூத்தது. உனக்கு இருமலல்ல வரோணும்?"

"ஆத்துப் பேருதானுங்ணா மூத்தது. இந்தத் தண்ணி இன்னைக்குக் காலைலதான் நம்மூருக்கு வந்துது. எங்க ஊட்டுப் பேருகூட நூறு வருசத்துப் பேரு. அதுக்காக என்னைய மூத்தவள்னா சொல்றீங்க?"

செங்கோடன் ஆற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்படிப் பாத்தா இது ஊருக்குள்ள எல்லாருக்கும் எளசுதான்," என்றார். பிறகு துடுப்பைச் சாத்திவைத்துவிட்டுப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். "வெந்நி குடி," என்றார் ஆற்றிடம்.

"எலுமிச்சம்பழம் புழிஞ்சு," என்றாள் கூடைக்காரி.

"தேன் ஊத்தி," என்றாள் அடுத்தவள்.

நவமணி எதையும் விடவில்லை. ராத்திரி ஏழு மணிக்குமேல் ஒன்றும் உள்ளே போகக் கூடாது என்றாள். நின்றுகொண்டு தண்ணீர் குடிக்காதே என்றாள். சர்க்கரைக்குப் பதில் வெல்லம், வெல்லத்துக்குப் பதில் ஒன்றுமில்லை என்றாள். வாங்கினதை வாங்கின வரிசையிலேயே கொடுத்தாள். நடுவில் மோகன் சொன்ன ராத்திரிச் சாப்பாடும் வந்தது, அதையும் கொடுத்தாள். ஒன்பது மணிக்குத் தராசில் ஏறினாள். எழுபத்து நாலே முக்கால்.

"ஏறிக்க," என்றார் செங்கோடன்.

எல்லோரும் பரிசலில் ஏறினார்கள். பரிசல் நகரவில்லை. செங்கோடன் துடுப்பால் தண்ணீரைக் குத்திப் பார்த்தார்.

"உக்காந்துருச்சு," என்றார். "மூச்சு வாங்குது."

உண்மைதான். இத்தனை எடை திடீரென்று ஏறினால் யாருக்கும் நடக்க முடியாது. ஆறு துறைக்கு நேரே கால் நீட்டி உட்கார்ந்து, மேலும் கீழுமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நவமணிக்கு அழுகையே வரும்போல இருந்தது. ஐந்து வருசம் சுமந்ததை இறக்கிவைத்தால், இறக்கிவைத்த இடமே வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"எந்நேரம் எந்திரிக்குமுங்ணா?"

"நீ எந்நேரம் எந்திரிச்ச?"

அவள் பரிசலில் எழுந்து நின்றாள். ஆற்றின் காலைத் தாண்டிப் பார்த்தாள். கீழ்ப்பக்கம் தண்ணீரே போகவில்லை. அக்கரைவரைக்கும் மணல் பளிச்சென்று கிடந்தது. சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகினாள். பிள்ளையை இடுப்பில் ஏற்றினாள்.

"பரிசல்ல ஏறுனவங்க பரிசலோடதான் போகோணும்," என்றார் செங்கோடன். அதில் அவர் கறாரானவர். பரிசலைக் கவிழ்த்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டார். நாலு பேரும் அதன் அடியில் வரிசையாக நடந்தார்கள். உள்ளே நல்ல நிழல்.

பத்து மணி ஆக ஏழு நிமிசம் இருக்கும்போது நவமணி அங்கன்வாடியில் கையெழுத்துப் போட்டாள். மேற்பார்வை அம்மாள் பிள்ளையையும் தராசில் வைத்துப் பார்த்தார். பத்தே முக்கால், ஒரு கிராம் கூடவில்லை.

"மத்த பசங்களோட போயி உக்காந்துக்கறயா கண்ணு?" என்றார்.

மிதுலா அவரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். உதட்டைக் குவித்தாள்.

"மாத்தேன்," என்றாள்.

நவமணி காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள்.

சாயங்காலம் நாலரைக்கு அக்கரைத் துறைக்கு வந்தபோது செங்கோடன் பரிசலோடு காத்திருந்தார். எதிர்க்கரையில் ஊரே படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தது, முதல் ஆளாக மயிலாத்தாள். காற்று தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க எல்லோர் மடியிலும் படிக்கல் இருந்தது. அவர்களுக்கு முன்னால் முழங்கால் தண்ணீரில் தேவசிகாமணி மாஸ்டர் விசிலோடு நின்றார். யாரோ அவர் இடுப்பில் கயிறு கட்டிப் பிடித்திருந்தார்கள்.

ஆறு குப்புறப் படுத்துத் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது. எழும்போது மணல் தெரிந்தது, இறங்கும்போது கரை நனைந்தது. தோள்கள் நன்றாகத் திரண்டிருந்தன.

"பதினேழு," என்றார் மாஸ்டர். "முதுக வளைக்காத. பதினெட்டு."

"மோரு மட்டும் குடிச்சராத, சளி," என்றார் மயிலாத்தாள்.

"இருவது எடுத்துட்டு ஒரு நிமிசம் ஓய்வு," என்றார் செங்கோடன். "அந்தக் கேப்புல போயரலாம் அம்மிணி."

நவமணி தலையாட்டினாள். பத்தொன்பதாவதில் ஆற்றின் முழங்கை லேசாக நடுங்கியது. அவள் பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.